மாடுகளுக்கு ஒரு நல்ல நாள்

மேயருக்கு நல்ல குரல்.
இறைச்சி ஆலை மூடப்போகும் செய்தியை
ஐஸ் ஹாக்கி அரங்கில் வைத்துச் சொன்னார்.
ஆல்பர்ட்டா. பெப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

அறுநூறு சனம், ஜக்கெற் கழற்றாமல்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"இன்றைக்குச் சந்தோஷப்படக்கூடியவை
மாடுகள் மட்டும்தான்" என்றார்.

முன்வரிசை சிரித்தது.
சிரிப்பு கதிரை கதிரையாகப் பின்னால் வந்து
என்னைத் தொட்டபோது
நானும் சிரித்துத் தொலைத்தேன்.
பாதிதான் விளங்கியிருந்தது.

மீதியை, பஸ்ஸில், தெஸ்ஃபாயே சொன்னான்.
எலும்பறுக்கும் வாளுக்கு
இரண்டு விரல் கொடுத்தவன்.
சொல்லிவிட்டு ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டான்.

அவர் கெட்டவரில்லை.
தாள் பிடித்த கை நடுங்கியதைக் கண்டேன்.
செத்தவீட்டில் என்ன கதைப்பதென்று தெரியாமல்
தேத்தண்ணியைப் புகழ்கிறவர்கள் உண்டே, அப்படி.
ஆனால் அவர்கள் கையில்
யாரும் மைக் கொடுப்பதில்லை.

எங்கள் மொழியில் மாடென்றால் செல்வமும்கூட.
அவருக்கு அது தெரிய நியாயமில்லை.

வாசலில் துஷ்யந்தி கேட்டாள்:
"மேயர் என்னவாம்?"

சப்பாத்துக் கயிற்றின் முடிச்சை
குனிந்தபடியே
வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.