ஏழு இருபது லோக்கல்

சண்டைக்குப் போகிற வண்டி
காலை ஏழு இருபதுக்குப் புறப்பட்டது.
கமாயுட் வரை அது மாமூல் லோக்கல்.
கமாயுட்டுக்கு அப்பால் போர்.
டிக்கெட் கேட்பாரில்லை, மற்றபடி எல்லாம் பழையபடி.
வேர்க்கடலைக்காரி ஏறினாள்.
தோட்டாப் பெட்டிமேல் உட்கார்ந்து
சிப்பாய்கள் உரித்துத் தின்றார்கள்.
ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கவும் சிலர் வந்தார்கள்,
குடையோடு.
மாலை திரும்பும்போது அதே பெட்டியில்
கடலைத் தொலியின் மேல்
ஆட்களைக் கிடத்தினோம்.

நான் கரி அள்ளுகிறவன். சேவுகப்பெருமாள்.
சம்பளப் புத்தகத்தில் வெறும் சேவக்.
எட்டு வருஷம் சா பா ட்டூவுக்கு இடப்பக்கம் நின்றேன்.
கரேன்காரர். அதிகம் பேசமாட்டார்.
விசில் கயிற்றைக்கூட
தூங்குகிற பிள்ளையின் போர்வையை இழுப்பதுபோல் இழுப்பார்.
தினமும் ஷெட்டைவிட்டுக் கிளம்புமுன் ஒரே கேள்வி:
ஓடுமா, சேவக்?
தினமும் ஒரே பதில், பர்மாவில்:
யபாடே. ஓடும்.
பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பார்,
இன்ஜெக்டர் தண்ணீரை உறிஞ்சும் அந்தச் சின்னச் சப்தத்தை.
கேட்ட பிறகுதான் கை ரெகுலேட்டருக்குப் போகும்.

ஜனவரிக் கடைசியில் எனக்குக் காய்ச்சல்.
அன்றைக்குத்தான் பாய்லர் கழுவ
எங்கள் எஞ்சினை இன்செயினுக்குக் கொண்டுபோனார்,
வேறொரு கரிக்காரனோடு.
மறுநாள் தண்டவாளத்துக்குக் குறுக்கே மணல்மூட்டை.
அவர் அந்தப் பக்கம்.
காய்ச்சல் வராதிருந்தால் நான் எந்தப் பக்கம் என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கரிவாரி மட்டும் கேட்டது,
ஒவ்வொரு வாரலுக்கும்.

மாந்தலே போயிற்று, டவுங்கூ போயிற்று.
சர்க்காரின் நீளம் ஆறு மைல் என்று
டீக்கடையில் சிரித்தார்கள்.
ஆறு மைல் சர்க்காருக்கு ஒரு ரயில்,
அதற்குக் கரி போட்டவன் நான்.
பீரங்கியைக் கொண்டுபோனது நான்,
சின் மலைப் பையன்களை, கூர்க்காக்களை,
அரிசியை, ஐஸ் கட்டியை, சவப்பெட்டிப் பலகையை.
சமாதானம் பேசுகிறார்கள் என்று மூன்று நாள் வண்டி நின்றது.
நாலாம் நாள் ஏழு இருபதுக்கு
மறுபடி எடுத்தோம்.

மே மாதக் கடைசி.
மழை இறங்கிய ஒரு ராத்திரியில்
லைங் ஆற்றைத் தாண்டி அவர்கள் போய்விட்டார்கள்.
காலையில் இன்செயினில் சுட யாருமில்லை.
சந்தை மேடையில் மாடு படுத்திருந்தது.

ஷெட்டில் எங்கள் எஞ்சின் நின்றது.
பார்வைக்குக் குறையில்லை,
துடைத்துக்கூட வைத்திருந்தது.
இன்ஜெக்டரைத் திறந்தேன்.
பித்தளைக் கூம்பு இல்லை.
கட்டைவிரல் நீளம்தான்,
அது இல்லாமல் பாய்லருக்கு ஒரு சொட்டு ஏறாது.
உடைக்க நினைத்தவனுக்குச் சம்மட்டி போதும்,
பக்கத்திலேயே கிடந்தது சம்மட்டி.

மூன்றாம் தூண். கீழிருந்து ஏழாவது செங்கல்.
ஃபோர்மன் கண்ணில் படாமல் சுருட்டு ஒளிக்க
நாங்கள் தளர்த்தி வைத்த கல்.
எண்ணெய்த் துணியில் சுற்றி உள்ளே இருந்தது.
கடுதாசி இல்லை. சுருட்டும் இல்லை.

திரும்பி வருவோம் என்று தனக்காக வைத்தாரா?
எனக்காகவா? எனக்கென்றால்
எடு என்றா,
எடுக்கமாட்டாய் என்று நம்பியா?

வாசலில் கேப்டன் மழைக்கோட்டோடு நின்றார்.
ஓடுமா?

யபாடே என்றது என் வாய்.
எட்டு வருஷப் பழக்கம்,
கேட்டது யாரென்று அது பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு நீராவி ஏறியது.
இரண்டு பீரங்கியும் எழுபது ஆட்களும் கோத்து
வடக்கே எடுத்தோம்,
தப்பியவர்கள் கூடுவதாகச் சொன்ன திசைக்கு.
கூம்பு தண்ணீரை உறிஞ்சியது,
அந்தச் சின்னச் சப்தம், சுத்தமாக.
புது டிரைவருக்கு அது கேட்கத் தெரியாது.
நான் தலையைச் சாய்க்கவில்லை.
கரி அள்ளினேன்.