எழுநூறு டாலர் பகல்

அறைக்கு மாதம் ஆயிரத்து நானூறு.
அதில் பகலை நான் வாங்கினேன்.
இரவை யெசேனியா எடுத்துக்கொண்டாள்.
பெரு நாட்டுக்காரி, நான்கு மாத விசா.
மூன்றாம் நம்பர் லிஃப்டில்
ஆடிவரும் நாற்காலியைப் பிடித்து
பிள்ளைகளை ஏற்றிவிடும் வேலை.

எனக்குப் பனி வாரும் வண்டி.
ஓஹையோவில் டிராக்டர் ஓட்டியவள் என்பதால் கிடைத்தது.
இரவு பத்துக்கு ஏறினால் விடியும்வரை
சரிவு முழுக்கக் கோடு கோடாக இழுப்பேன்.
எதுவும் விதைக்காத உழவு.
ஒன்பதரைக்குள் கலைத்துவிடுவார்கள்,
கலைக்கத்தான் டிக்கெட்.

அக்டோபர் முழுக்க வீடு தேடினேன்.
ஒருவர் காட்டியது மாடிப்படிக்கு அடியில் ஒரு மெத்தை.
இன்னொருவர் வீட்டில் நாய்க்குத் தனி அறை,
நாய்க்குச் சம்மதமென்றால் தொள்ளாயிரம்.
கம்பெனி விடுதியில்
எனக்கு முன்னால் நூற்று எண்பத்தாறு பேர்.
கணவாய்க்கு அந்தப் பக்கம் மலிவு.
ஆனால் கணவாய் மூடும் நாளில்தான்
இங்கே எங்களைத் தேடுவார்கள்.
நூலகத்தின் பின்னால் காரில் பதினோரு இரவுகள்.
பற்பசையை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கவேண்டும்,
இல்லாவிட்டால் காலையில் கல்.

அப்புறம் ஹால்வர்சன் வீட்டு அடித்தளம்.
கொதிகலனுக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவே
ஒரு கட்டில்.
ஜன்னலும் உண்டு, வெளியே முழுக்கப் பனி.
கண்ணாடியில் அடுக்கடுக்காகத் தெரியும்
கீழே டிசம்பர்,
அதன்மேல் கொஞ்சம் அழுக்காக ஜனவரி.

அவளைத் தினமும் வாசலில் நாற்பது நொடி பார்ப்பேன்,
ஒருத்தி பூட்ஸைக் கழற்ற, ஒருத்தி மாட்ட.
மற்றபடி தலையணையில்தான் பழக்கம்.
சன்ஸ்கிரீன், எலுமிச்சை,
சில நாள் ஈரம்.
ஈரத்தைப் பற்றி நான் கேட்டதில்லை.
என் டீசல் வாடையைப் பற்றி அவளும்.
நவம்பரிலிருந்து அந்தக் கட்டில் ஆறவே இல்லை.

உச்சியில் வண்டி விளக்கை அணைத்தால்
ஊர் தெரியும்.
மேற்குச் சரிவில் அறுபத்திரண்டு வீடுகள்,
நான்கில் வெளிச்சம்.
அதிலும் இரண்டு, பதினொன்றேகால் அடித்ததும்
ஒரே நொடியில் அணையும்.
டைமர்.
அந்த வீடுகளின் கார்ப்பாதைக்கு அடியில்
வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.
கார் வழுக்கக்கூடாது என்று
பனி விழ விழ உருகிக்கொண்டே இருக்கும்.
கார் வருவது மார்ச்சில்.
ஒருநாள் கையுறையைக் கழற்றிவிட்டு
உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்த்தேன்.
காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது,
பக்கத்தில் யாருமில்லாத காய்ச்சல்காரன்.

பிப்ரவரியில் அந்தப் புயல்.
லிஃப்டுகள் நின்றன, கணவாய் மூடியது,
வண்டியை வெளியே எடுக்காதே என்றார்கள்.
இரவு பதினொரு மணிக்கு
முதல் தடவையாக அறையில் இரண்டு பேர்.
கட்டிலைப் பார்த்தோம்.
கணக்குப்படி இரவு அவளுடையது.
"உன் பாதி எது?" என்று கேட்டாள்.
சொல்லத் தெரியவில்லை.
இதுவரை நாங்கள் வெட்டிக்கொண்டது நேரத்தைத்தான்,
இடத்தை இல்லை.

அவள் சுவர்ப்பக்கம் நகர்ந்தாள்.
முதுகும் முதுகுமாகப் படுத்தோம், தூக்கம் வரவில்லை.
மேலே ஹால்வர்சன் யாரிடமோ ஃபோனில்,
சூடான காற்று வரும் குழாய் வழியே
அவர் குரலும் இறங்கியது:
"ஏப்ரலிலிருந்து நாள் வாடகைக்கு விடலாம்.
கீழே ஆள் இருக்கிறது. போய்விடும்."
அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ.
போர்வையில் என் பக்கம் குறைந்திருந்ததை
இழுத்துச் சரிசெய்தாள்,
அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குக் காற்று அடங்கியது.
இரண்டு ஃபோனும் சேர்ந்தே அடித்தன.
புதுப்பனி முழங்காலுக்கு மேல்,
எல்லோரும் வாருங்கள், கூட்டம் அள்ளும்.
இருட்டிலேயே ஒன்றாகக் கிளம்பினோம்.

மத்தியானம் நான் மட்டும் திரும்பி வந்து
போர்வைக்குள் காலை நீட்டினேன்.
சில்லென்று இருந்தது.