ரோமிங்

உலக நாடுகள் தினம்.
ஆறாம் வகுப்பு 'பி'க்குக்
குலுக்கலில் விழுந்தது பின்லாந்து.
மண்டபத்து வெயிலில்
பஞ்சு ஒட்டிப் பனி செய்திருந்தோம்.

திரையில் அந்த ஊர்ப் பிள்ளைகள்
பாதி வணக்கத்தில் உறைந்துபோனார்கள்.
வைஃபை செத்துவிட்டது.
தாளாளர் வாசலில் நிற்கிறார்,
செலுத்தாத ஃபீஸைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து.

கடல் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே
என் போனை நீட்டினேன்.
ரெண்டு கோடு. மூணு.
கூடவே ஒரு குறுஞ்செய்தி:
இலங்கைக்கு நல்வரவு.

வகுப்பே சிரித்தது.
நிரோஜினி மட்டும் எழுந்து வந்தாள்,
நீலச் சிலுவைக் கொடியோடு.
கேம்பில் பிறந்தவள்.
எங்களிடம் பேசும் தமிழை மறந்து
வீட்டுத் தமிழில் கேட்டாள்:
"இதை அம்மாக்கு அனுப்பேலுமா, மிஸ்?"

ஸ்பீக்கர் கரகரத்தது.
ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டது பின்லாந்து.
அவள் சொல்லச் சொல்ல
நான் ஏழாவது எண்ணைத்
தட்டிக்கொண்டிருந்தேன்.