ஐம்பது மைக்ரான்

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு கெட்டியாகிவிட்டது;
குறுக்கே சைக்கிள் தடம்.
இயற்பியல் கட்டடத்தின் நிலவறையில்
லேலோ கிவிரான்ட் கதவைச் சாத்தும்போது
மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறாள்.
சுவருக்குக் காது உண்டோ இல்லையோ,
இழைக்கு உண்டு.

தலைமுடியில் கால்வாசிப் பருமனில் டங்ஸ்டன் இழை.
அதன் நுனியில் ஒரு தட்டு.
கீழே துளையிட்ட இன்னொரு தட்டு
மணிக்கு ஒரு சுற்று என்று, அவசரமில்லாமல்.
இரண்டுக்கும் நடுவே ஐம்பது மைக்ரான் இருட்டு.
எள் விழ இடமில்லை என்பார்களே,
அந்த எள்ளின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு.
கேள்வி கேட்பதற்கு
அவ்வளவு இடம் போதும்.

நீளம், அகலம், உயரம், அப்புறம் நேரம்;
இவை போக இன்னொன்று உண்டா?
உண்டென்றால் அது எந்தப் பக்கம் என்று
கை காட்ட முடியாது.
கை நீள்கிற பக்கமெல்லாம்
ஏற்கெனவே வரவு வைத்தாயிற்று.
ஆறு கூடுதல் என்கிறார்கள் சிலர், ஏழு என்கிறார்கள் வேறு சிலர்;
தாளில் அதற்கு வாடகை கிடையாது.
லேலோவுக்கு ஒன்று கிடைத்தால் போதும்.
ஒவ்வொரு புள்ளியிலும் சுருண்டு கிடக்கும் ஒரு வளையம்,
உள்ளே புறப்பட்டவர்
புறப்பட்டது தெரிவதற்குள் திரும்பி வந்துவிடுகிற அளவு.
ஒளி அதற்குள் நுழையாது. ஈர்ப்பு மட்டும் கசியலாம்.
கசிந்தால், மிக நெருங்கிய தட்டுகள்
நியாயத்துக்கு மேல் ஒன்றையொன்று விரும்பும்.

ஹெல்துர் குறிப்பேடு எழுதுகிறார்:
திங்கள். கூரையில் பனி பதினோரு சென்டிமீட்டர்.
செவ்வாய். வாரி எறிந்தேன்; இழைக்கு அரை மணி நேரம் கோபம்.
புதன். தெருமுனையில் லாரி.
ஒருமுறை கேட்டார்:
"அந்தப் பக்கமாக ஒருவன் ஓர் அடி நகர்ந்தால்
அவன் தொப்பி இங்கேயே கிடக்குமா?"
லேலோ சிரித்தாள். பிறகு இரவு முழுக்க
தொப்பியைப் பற்றி யோசித்தாள்.

பதினாறாம் தேதி தட்டு
கணக்கு சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம் திரும்பியது.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.

பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை.
சந்தையில் கருப்பு ரொட்டி வாங்கினாள்;
ரொட்டிக்கு இன்னொரு பக்கம் இருந்தது.
பேருந்துக் கம்பிக்கு, மீதிச் சில்லறைக்கு,
பிரிந்துபோன ராய்வோ விட்டுச்சென்ற
ஒற்றைக் கண்ணாடித் தம்ளருக்கு.
எப்படித் திருப்பினாலும் திரும்பாத பக்கம்.
வீடு சற்றுப் பெரிதானதுபோல் இருந்தது;
சுவர்கள் அதே இடத்தில்தான்.

பன்னிரண்டாம் நாள் ஹெல்துர் கலத்தைத் திறந்தார்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்.
பொன் பூசிய தகட்டின்மேல்
ஒரு நீல நூல்துணுக்கு.
கம்பளிக் கையுறையின் நூல்.
கையுறை லேலோவுடையது.
துளி மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு
பதினோரு நாளும் அது
பிரபஞ்சத்தின் வேலையைப் பார்த்திருக்கிறது.

இருவரும் பேசவில்லை.
ஹெல்துர் சாமணத்தால் எடுத்து
உறையிலிட்டுத் தேதி எழுதினார்.
கெட்டிலில் தண்ணீர் கொதித்தது;
நீளம் அகலம் உயரம்
மூன்றிலும் ஆவி.

மறுபடி ஓட்டினார்கள், ஏப்ரல் வரை.
கணக்கு சொன்னபடி தட்டு திரும்பியது.
மயிரிழைகூட மிச்சமில்லை.
அறிக்கையின் கடைசி வரிக்கு
அவள் மொழியில் என்ன சொல் போட்டாளோ, தெரியாது.
என் மொழியில் இரண்டு உண்டு.
வீட்டில் ஆள் இல்லை என்பது ஒன்று.
ஆளைக் காணோம் என்பது இன்னொன்று;
அதைச் சொல்பவர்
இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.

ஆறு உடைந்து ஓடத் தொடங்கிவிட்டது.
ஹெல்துர் தகட்டை இன்னும் இறுக்கி இழுத்துக் கட்டுகிறார்,
நாற்பது மைக்ரானுக்கு.
லேலோ கையுறைகளைக் கழற்றிப்
படிக்கட்டின் மேல்முனையில் வைக்கிறாள்.
இறங்கும்போது வெறுங்கை சுவரில் உரசுகிறது:
குளிர், ஈரம்,
அந்தப் பக்கம் மண்.