ஏழு இலை

அனுமதிக் கடிதத்தில் மூன்று முத்திரை.
காவலரணில் நின்றவன் கைக்கடிகாரத்தைக் காட்டினான்:
நாற்பது நிமிடம்.

வயாவிளான். கூரையில்லாத வீடு.
குசினி இருந்த இடத்தில்
சிமெந்து வெடித்த வாயிலிருந்து
முழங்கால் உயரத்தில் நின்றது அது.
வெள்ளைப் பூ, ஊதா நரம்பு.
இலத்தீனில் பெயர் உண்டு. தமிழில் இல்லை.
அழியும் தறுவாயில் உள்ளவற்றின் பட்டியலில்
ஒரு வரி, பக்கத்தில் கேள்விக்குறி.
பதினாறு செடி எண்ணினேன்.
ஏழு இலை கிள்ளினேன்.
சிலிக்கா மணிகள் நீலமாய்க் கிடந்த பைக்குள்
ஒவ்வொன்றாய் வைத்துத் திகதி எழுதினேன்.
வாசலுக்கு வரமுன்னமே
மணிகள் சிவக்கத் தொடங்கியிருந்தன.

முப்பது வருடம் ஆரும் மிதிக்காததால் பிழைத்த செடி.
கட்டுரையில் இதை எப்படி எழுதுவது?
'மனித இடையூறு அற்ற வாழிடம்' என்று எழுதினேன்.
அழித்தேன்.
வேறு சொல் கிடைக்காமல் திரும்பவும் எழுதினேன்.

திருநெல்வேலி, தாவரவியற்றுறை, இரண்டாம் மாடி.
திரவ நைதரசன் கொழும்பிலிருந்து வருவதற்குள்
பாதி வழியில் ஆவியாகிவிடும்.
காய்ந்த இலையை மணலோடு உரலில் அரைத்தோம்.
அறுபத்தைந்து பாகையில் நீர்த்தொட்டி;
இரண்டுதரம் கரண்ட் போனது.
துளசிகா சுடுதண்ணிப் போத்தலோடு ஓடிவந்தாள்
பிள்ளைப்பேற்று வீட்டுக்கு வருவதுபோல.
கடைசியில் குழாயின் அடியில்
சளிநூல் போல ஒரு வெண்மை.
சியோலுக்கு அனுப்பவேண்டும்.
பெறுமதி எவ்வளவு போட என்றான் கூரியர்க்காரன்.
பூச்சியம் போடச் சொன்னேன்.

பச்சையவுருமணி ஒரு காலத்தில்
தன்பாட்டில் மிதந்த உயிர்.
வேறொன்றின் வயிற்றுக்குள் போனது, செரிக்கவில்லை, தங்கிவிட்டது.
தாள்களில் பெரும்பங்கை
வீட்டுக்காரரின் பெட்டகத்தில் கொடுத்துவிட்டு
ஒரு சின்னக் கட்டை மட்டும்
மடியில் வைத்துக்கொண்டது.
அதைத்தான் நாங்கள் வாசிக்கிறோம்.
அநேகமாய் அது தாய்வழியில் இறங்கும்,
இங்கே சீதனக் காணி போல.
மகரந்தத்துக்குப் பங்கில்லை.

மாசியில் கோப்பு வந்தது.
ஏ, ரி, ஜி, சி.
நூற்றைம்பது எழுத்து நீளத்தில் துண்டு துண்டாய்,
லட்சக்கணக்கில்.
இரவிரவாய்க் கணினி முனகியது.
விடியப்புறம் வட்டம் மூடிற்று:
ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து
எண்ணூற்றுப் பன்னிரண்டு.
வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது.
எங்காவது வெட்டி
இதுதான் முதல் எழுத்து என்று சொல்லவேண்டும்.
அதற்கொரு வழக்கம் இருக்கிறது.
வழக்கப்படி வெட்டினேன்.

அதே கிழமை காணி விட்டார்கள்.

குலேந்திரம் வந்து நின்றார்.
பொலித்தீனில் சுற்றிய உறுதி,
மூன்று இடப்பெயர்வு கண்ட தாள்.
அவருக்குப் பின்னால் மஞ்சள் ஜேசிபி.
பட்டியல், கேள்விக்குறி, பதினாறு,
எல்லாம் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
'கிணறு இறைச்சாச்சோ?' என்று வந்தது.
'இல்லைப் பிள்ளை. முதல் குசினி.'
'இதுகளை எடுக்கட்டோ?'
'பூடுதானே, முழுக்க எடுங்கோ.'
அவரே மண்வெட்டி தந்தார்.

பதினாறையும் மண்ணோடு பெயர்த்தேன்.
துறைத் தோட்டத்தில் வலை கட்டி நிழல், சுண்ணாம்புக்கல், அளந்த நீர்.
மூன்று கிழமைக்குள் பதினாறும் பட்டன.
கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சித்திரை கழிந்து ஒரு பின்னேரம் அழைப்பு.
'பிள்ளை, நீங்கள் கொண்டுபோன பூடு,
கக்கூசுக்கு வெட்டின கிடங்குக் கரையிலை
ஒண்டு நிக்குது. பூத்துமிருக்கு.
அதுக்கு என்ன பேர்?'

இலத்தீனைச் சொன்னேன்.
ஒருதரம் சொல்லிப் பார்த்தார்,
சோற்றில் கல் கடித்தவர்போல நிறுத்தினார்.
'சரி. தண்ணி விடலாமோ?'

ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்துச் சொச்சத்தையும்
மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.
அதில் அது இல்லை.

'கொஞ்சமாய் விடுங்கோ' என்றேன்.