இடது பாதம்: நாடி உண்டு

காலை ஏழரை. கட்டிலைச் சுற்றி மூவர் நிற்கிறார்கள்,
திருகோணமலை பஸ் நிலையத்து மான்களைப்போல.
ஹோர்ன் அடித்தாலும் அசையாமல்
எதையோ அசைபோட்டபடி.

இவர்களுக்கென்றே ஒரு மண்ணீரலைத் தேடி வைத்திருந்தேன்.
குச்சவெளிக்காரி ஒருத்தியுடையது.
விலாவுக்குக் கீழே நாலு விரல் இறங்கிய,
வருடத்துக்கு ஒருமுறை வாய்க்கிற மண்ணீரல்.
"மூச்சை இழுக்கச் சொல்லுங்கோ,
அது தானாக வந்து விரலைத் தொடும்" என்றேன்.
கலியாணச் செய்தி சொல்கிறவளின் குரலில் சொன்னேன்.

றிஸ்மினா தொட்டாள், கடமைக்கு.
தெவ்மினி சுவர்க் கடிகாரத்தைத் தொட்டாள், கண்ணால்.
கபிலாஷ் முகக்கவசத்துக்குள் கொட்டாவி விட்டான்.
அது ஒருமுறை உப்பி அடங்கியது.
அன்று வார்டில் நான் கண்ட
ஆகத் தெளிவான சுவாசம் அதுதான்.

அடுத்த கட்டில்.
சம்பூர் தில்லையம்பலம், அறுபத்தொன்று,
சீனி வருத்தம், நாலு நாள் காய்ச்சல்.
கபிலாஷின் குறிப்பை உரக்க வாசித்தேன்:
இதயம் சரி. நுரையீரல் சரி.
இரு பாதங்களிலும் நாடி உண்டு.

போர்வையை விலக்கினேன்.
வலது பாதம். வெடித்த குதிகால், நகத்தில் வயல்மண்.
இடப்பக்கம் முழங்காலுக்குக் கீழே
சலவைக்காரன் மடித்த கோடு மாறாத விரிப்பு மட்டும்.
கால் கட்டிலுக்கடியில் இருந்தது,
செருப்பை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி.

முதலில் சிரித்தது அவர்தான்.
"தொண்ணூறில போன கால், டொக்டர்.
தம்பி அதுக்கும் உயிர் இருக்கெண்டு எழுதியிருக்கிறார்.
வெட்டிப்போடாதேங்கோ, இருக்கட்டும்."

வார்ட் முழுக்கச் சிரித்தது.
என் நாக்கில் ஒரு வசனம் ஏறி நின்றது.
என் ஆசிரியர்கள் எனக்கு வீசியது,
கைமாறிக் கைமாறிக் கூர் மழுங்காதது.
வாயைத் திறந்தேன்.

அப்போது இருபத்து நாலு என்ற எண் நினைவுக்கு வந்தது.
பயிற்சிக் காலத்தில், ஒரு விடியற்புறம்,
பதினேழு பிள்ளைகளுக்கும் சுவாச வேகம்
இருபத்து நாலு என்று எழுதியவள் நான்.
ஒரு நெஞ்சையும் பார்த்து எண்ணவில்லை.
அதில் ஏதோ ஒரு பிள்ளைக்கு
நாற்பதாகவும் இருந்திருக்கும்.
யாரும் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டேன்.

தேநீர் அறையில் கேட்டேன், "ஏன் கபிலாஷ்?"
"விருப்பமில்லை, மேடம்."
தன் இரத்த வகையைச் சொல்கிறவன்போலச் சொன்னான்.
நித்திரை இல்லை, அம்மா வற்புறுத்தினா,
புள்ளி வந்துவிட்டதால் வந்தேன்,
இப்படி ஏதாவது சொல்லியிருந்தால்
என்னிடம் பதில் இருந்தது.
பிளேன்டி ஆறும்வரை யோசித்தேன்.
"விருப்பம் வரும் எண்டு நான் சொல்லேல்ல.
கையை வைச்சிட்டு எழுதும். அவ்வளவுதான்."
தலையாட்டினான்.
அந்தத் தலையாட்டலுக்கு எந்த அர்த்தமும் வைக்கலாம்.

கொழும்புக்கு அனுப்பும் படிவத்தில்
ஆர்வம் என்று ஒரு பெட்டி, ஒன்றிலிருந்து ஐந்து வரை.
பென்சிலால் ஒன்று போட்டேன். அழித்தேன்.
யாருடைய ஆர்வம் என்று அதில் இல்லை.
ஐந்து வருடமாக இதே மண்ணீரல் கதையை
இதே இடத்தில் நிறுத்தி இதே மூச்சில் சொல்கிறேன்.

இரவு பத்தரைக்கு வந்து கோப்பைத் திறந்தேன்.
நீல மை, சரிந்த எழுத்து:
இடது பாதம் இல்லை, தொண்ணூறிலிருந்து.
வலது பாதம், நாடி மெலிது.
இரண்டு தரம் கிடைக்கவில்லை. மூன்றாம் தரம் கிடைத்தது.
போர்வையை மெல்ல விலக்கி
நானும் விரல் வைத்துப் பார்த்தேன்.
எனக்கு நாலாவது தரம்தான் கிடைத்தது.
தில்லையம்பலம் ஒரு கண்ணைத் திறந்து,
"இன்னும் இருக்கோ?" என்றார்.

திங்கட்கிழமை கபிலாஷ் இருபது நிமிடம் பிந்தி வந்தான்,
சட்டைப் பொத்தானை மாறிப் போட்டுக்கொண்டு.
குச்சவெளிக்காரி வீட்டுக்குப் போய்விட்டாள்.
"எந்தக் கட்டில், மேடம்?" என்றான்.