நாளைக்கு ஒன்று

"நாளைக்கு ஒன்று" என்றார் டாக்டர் ஃபுர்லான்.
"சரி, இன்றைக்கு?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
என் இதயம் எழுதிய கோணல்மாணல் கோட்டை
மேசைமேல் விரித்து
பேனா முனையால் ஒரு மேட்டைத் தொட்டுக் காட்டினார்.
எங்கள் த்ரியெஸ்தேயின் ஏற்றம் போலவே இருந்தது அது,
அந்தப் பக்கம் இறங்கினால் கடல்.

இருபத்தாறு வருடம்
துறைமுகக் கிடங்கில் காபி மூட்டைகளை எடைபோட்டவள் நான்.
பச்சைக் கொட்டைக்குக் காபி வாசனை கிடையாது, தெரியுமா?
சணல், நனைந்த வைக்கோல்,
கொஞ்சம் கப்பல்.
நாள் முழுக்க அதற்குள் நின்றுவிட்டு
தெருவுக்கு வந்த பிறகுதான்
காபி என்றால் என்னவென்று
மூக்குக்கு நினைவு வரும்.

ஒன்று.
எந்த ஒன்று?

ஐந்தே முக்காலுக்கு
ஃபுல்வியோ அடுப்பில் வைக்கும் மோக்கா இருக்கிறது.
கைப்பிடி பாதி உருகிய கெண்டி.
அது கரகரக்கும்வரை அவன் பேசமாட்டான்.
கரகரத்த பிறகும்
பெரிதாக எதுவும் பேசிவிடுவதில்லை.
"காற்று" என்பான்.
"ஆமாம்" என்பேன்.
ஜன்னல் சட்டம் ஆடும்.
என் கோப்பையில் சர்க்கரையை அவனே போட்டு
ஏழு சுற்றுக் கலக்கி நீட்டுவான்.
கல்யாணத்துக்கு முன்பிருந்தே
காபியில் சர்க்கரை எனக்குப் பிடிக்காது.
முதல் நாள் சொல்லியிருக்க வேண்டும்.

பத்தரைக்கு
தாரியோவின் கடை இருக்கிறது.
எட்டுப் பேருக்கு இடம், பதினான்கு பேர் நிற்போம்.
வெளியூர்க்காரர் எஸ்பிரெஸ்ஸோ என்பதை
நாங்கள் கறுப்பு என்போம்.
எனக்குக் காப்போ இன் பி:
கட்டைவிரல் உயரக் கண்ணாடித் தம்ளர்,
அடியில் இருட்டு, மேலே ஒரு வாய் நுரை.
அது தீர்வதற்குள்
யார் வீட்டை விற்றார்கள், யார் பல் கட்டினார்கள்,
கிரேன் ஓட்டும் ஸ்தெலியோவிடம் மகள் ஏன் பேசுவதில்லை
எல்லாம் வந்து சேர்ந்துவிடும்.

முதல் நாள் வீட்டில் குடித்தேன்.
கடையில் தாரியோ எனக்குத் தண்ணீர் வைத்தான்,
சவப்பெட்டிக்குப் பூ வைப்பதுபோல, ஓசைப்படாமல்.

இரண்டாம் நாள் கடைக்கென்று மிச்சம் பிடித்தேன்.
வீட்டில் ஃபுல்வியோ
பழக்கத்தில் இரண்டாவது கோப்பையும் ஊற்றி
ஏழு சுற்றுக் கலக்கிவிட்டு
அதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள்
எனக்குள் தராசுக்காரி விழித்துக்கொண்டாள்.
அரையும் அரையும் ஒன்று.
இதற்கா இரண்டு இரவு தூங்கவில்லை?

"பாதி போதும்" என்றேன் வீட்டில்.
பாதிக்கும் அதே ஸ்பூனை எடுத்தான்.
"சர்க்கரை வேண்டாம்."
"டாக்டர் சொன்னாரா?"
"ஆமாம், டாக்டர்."
முப்பத்தோரு வருடம் தொண்டையில் நின்றது
ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டது.
அவன் ஸ்பூனைத் துடைத்து வைத்தான்.
பிறகு, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்,
வெறும் காபியையே ஏழு சுற்றுக் கலக்கினான்.

கடையில் பாதி கேட்டதும் சபை கூடிவிட்டது.
பாதிக் காபிக்கு முழு நுரையா, பாதி நுரையா?
நுரை கணக்கிலேயே வராது என்றார் ஸ்தெலியோ.
பாதிக் காசு கொடுத்தேன். தாரியோ என்னைப் பார்த்த பார்வையில்
மீதியையும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை போரா அடித்தது.
எங்கள் ஊரில் அந்தக் காற்றுக்குக் கயிறு கட்டி நடந்த காலமும் உண்டு.
கதவு பிய்ந்துவிடும்போலத் திறந்தது.
தலைமுடி ஒரு பக்கமாய்ப் பறக்க
உள்ளே வந்தார் டாக்டர் ஃபுர்லான்.
கேட்காமலே கறுப்பு வைத்தான் தாரியோ.
நின்றபடி ஒரே மடக்கு.
இன்னொன்று.
நான் எண்ணவில்லை.
எண்ணினேன்: மூன்று.

மூன்றாவதன்மேல் அவர் கண் உயர்ந்தது,
என் தம்ளரில் வந்து நின்றது.
"பாதிதான்" என்றேன்.
"நான் ஒன்றும் கேட்கவில்லையே" என்றார்.

மேடையெல்லாம் சர்க்கரைப் பொட்டலங்கள் பறந்தன.
"யாராவது கதவைச் சாத்துங்கள்!" என்று கத்தினான் தாரியோ.
பக்கத்தில் இருந்தது நாங்கள்தான்.
அவர் தோளைக் கொடுத்தார், நான் முதுகைக் கொடுத்தேன்.
இரண்டு பேர் எடையும்
சரியாக வேண்டியிருந்தது.